முதற்பொருளை மறந்த இரங்கல்

அண்மையில் இணையவழியில் நடந்த ஓர் ஆய்வரங்கில், சமூக ஊடகங்களில் இரங்கல் வெளிப்படும் முறை குறித்து ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் சட்லஜ் ஆற்றில் கார் விழுந்து திரைப்பட இயக்குநர் வெற்றி துரைசாமி காணாமற்போனதும், எட்டு நாள்கள் கழித்து அவருடைய உடல் மீட்கப்பட்டதும் அக்கட்டுரை எடுத்துக்கொண்ட நிகழ்வு. கட்டுரையாளர் உழைத்திருந்தார். நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தொகுத்து, அவற்றில் வெளிப்பட்ட உணர்வுகளை நம்பிக்கை, அச்சம், ஐயம், ஆற்றாமை என வகைப்படுத்தியிருந்தார். கேள்வி நேரத்தில் நான் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: அந்தக் கார் கிடைத்த இடம் எப்படிப்பட்ட இடம்? கட்டுரையாளர் பதில் சொல்லத் தொடங்குமுன் அரங்கத் தலைவர் குறுக்கிட்டார்: "அது புவியியல்காரர்கள் பார்க்க வேண்டியது. நாம் மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்."

இப்பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. அவ்வாக்கியத்தைச் சொன்னவர்மீது எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் எதுவும் இல்லை. அது அவருடைய கருத்து மட்டுமன்று; நம் ஊடகங்களின் கருத்து, காவல் நிலையங்களின் கருத்து, நம்மில் பெரும்பாலோரின் கருத்தும்கூட. ஆனால் அதைச் சொல்லும் உரிமை மற்ற யாருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றின் பின்னரே கருவும் உரியும் வரும் என்றும் முதற்பருவ மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவர்கள் நாம். தொல்காப்பியர் வகுத்த அந்த வரிசையைத் தேர்வுத்தாளில் மட்டும் காப்பாற்றிவிட்டு, கண்முன் ஒருவர் காணாமற்போகும்போது முதற்பொருளைத் தாண்டி நேரே உரிப்பொருளுக்கு ஓடுகிறோம். இரங்கல் நெய்தலுக்குரியது என்று அறிந்த நாம், இரங்குவதற்குரிய நிலம் எது என்று கேட்பதில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரி 4ஆம் தேதி, ஸ்பிதி பள்ளத்தாக்கிலுள்ள காசாவிலிருந்து சிம்லா நோக்கி ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அதில் மூவர். கின்னோர் மாவட்டத்தில், ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையில், காஷங் ஓடைக்கு அருகே கார் சாலையிலிருந்து விலகிச் சட்லஜில் விழுந்தது. ஓட்டுநர் இறந்தார். உடன் சென்ற நண்பர் காயங்களுடன் மீட்கப்பட்டார். சென்னை மாநகராட்சியின் முன்னாள் மேயர் சைதை துரைசாமியின் மகனான வெற்றியைக் காணவில்லை. கார் கிடைத்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. மகனைப் பற்றித் தகவல் தருவோர்க்கு ஒரு கோடி ரூபாய் தருவதாகத் தந்தை அறிவித்தார். பிப்ரவரி 12ஆம் தேதி உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்த எட்டு நாள்களில் தமிழில் எழுதப்பட்டவற்றைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எங்கேனும் கரையேறி உயிரோடிருப்பார் என்ற நம்பிக்கை உண்டு. விதி உண்டு, ஆரூடம் உண்டு. தந்தையின் அரசியல் வாழ்வும் மகனின் திரைப்பட வாழ்வும் விரிவாக உண்டு. "ஆற்றில் விழுந்தது" என்ற தொடர் ஆயிரம் முறை வருகிறது. அது எவ்வகை ஆறு என்பது ஏறத்தாழ எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் ஆறு என்றால் நம் கண்முன் எழும் மணற்படுகையையும் படித்துறையையும் வைத்துக்கொண்டுதான் நாம் அந்தச் செய்தியைப் படித்தோம்.

சட்லஜ் அப்படிப்பட்ட ஆறன்று. திபெத்தில் மானசரோவர், ராட்சசத்தால் ஏரிகள் உள்ள பகுதியில் தோன்றி, ஷிப்கி கணவாய் அருகே இந்தியாவுக்குள் நுழைந்து, காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, மலையை அறுத்து இறங்குகிறது. காசாவிலிருந்து வருகிறவர்கள் ஸ்பிதியின் கரையோடு வந்து, காபில் சட்லஜை அடைந்து, அதன் பள்ளத்தாக்கை ஒட்டியே நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறு பக்கம் ஆற்றுப் பள்ளம், நடுவே வெட்டியெடுத்த சாலை. ஹிந்துஸ்தான்–திபெத் சாலை என்று பெயர் பெற்ற இதன் பழைய தடம் டல்ஹவுசி காலத்தில், 1850ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கோவேறு கழுதைகளுக்கும் சுமைகூலிகளுக்கும் பாதை வகுக்கத் தொடங்கிய அதே பள்ளத்தாக்கில் இன்று சுற்றுலாக் கார்களும் படை வண்டிகளும் சுமையுந்துகளும் ஓடுகின்றன.

இனிப் பொழுது. பிப்ரவரி அங்கே முன்பனியும் பின்பனியும் அன்று; உறைபனி. பாறைப் பிளவுக்குள் புகுந்த நீர் இரவில் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிவடைகிறது. பகலில் உருகிச் சுருங்குகிறது. நாள்தோறும் நிகழும் இந்த ஆப்பு அடிப்பு பாறையைத் தளர்த்துகிறது. ஆகவே மழைக்காலத்தில் மட்டுமே மலை சரியும் என்ற எண்ணம் அங்கே செல்லாது. வெயில் படாத வளைவுகளில் சாலைமீது கண்ணுக்குத் தெரியாத மென்பனிப் படலம் தங்கும். தார்ச்சாலையின் கருமையே அதன் வழியாகத் தெரிவதால், ஓட்டுகிறவர் ஈரம் என்று நினைப்பது உண்மையில் கண்ணாடி போன்ற பனிக்கட்டியாக இருக்கும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

பிறகு நீர். கடுங்குளிர் நீரில் விழுந்த உடல் முதல் ஓரிரு நிமிடங்களில் தன்னையறியாமல் மூச்சை இழுக்கிறது. தலை நீருக்குள் இருந்தால் அம்மூச்சே மூழ்கடித்துவிடும். அதைத் தாண்டினாலும், அடுத்த பத்து நிமிடங்களுக்குள் கைகால்கள் செயலிழக்கின்றன. நீந்தத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அங்கே மிகச் சிறிது. நல்ல நீச்சல்காரர் என்பதால் பிழைத்திருப்பார் என்று நாம் எழுதிய வரிகளை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும்.

"எட்டு நாள்களா தேட வேண்டும்?" என்று கொதித்தவர்களுக்கும் அந்த நீரே விடை வைத்திருந்தது. வெப்பநாட்டு ஆறுகளில் மூழ்கிய உடல் இரண்டு மூன்று நாள்களில் மேலே வருவதற்குக் காரணம், உடலுக்குள் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு. உறைநிலையை ஒட்டிய நீரில் அச்செயல் மிக மெதுவாகவே நடக்கிறது. உடல் அடியிலேயே தங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் சட்லஜில் நீர்வரத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் வரத்து குறையும்போது பாறைகளும் அவற்றுக்கிடையே உள்ள ஆழ்ந்த குழிகளும் மறைந்துவிடுவதில்லை. வண்டலால் கலங்கிய நீரில் முக்குளிப்பவர் கண்ணால் தேட முடியாது; கையால் தடவித்தான் தேட வேண்டும். இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, மாநில மீட்புப் படை, காவல்துறை ஆகியோர் தேடினர். இறுதியில் உடலைக் கண்டெடுத்தவர்கள் மாஹுநாக் சங்கத்தைச் சேர்ந்த முக்குளிப்பவர்கள். அந்த மாநிலத்து ஆறுகளைத் தொழிலாகவே அறிந்தவர்கள். நம் இரங்கற் பதிவுகளில் அவர்கள் பெயர் எத்தனை முறை வந்தது?

இவையெல்லாம் முன்பே தெரிந்த செய்திகள். 1975 ஜனவரி 19 அன்று கின்னோரை 6.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 2000 ஆகஸ்டில் சட்லஜில் வந்த திடீர் வெள்ளம் பாலங்களையும் சாலைகளையும் அடித்துச் சென்றது. திபெத்தில் மலைச்சரிவால் உருவான பாரேச்சு ஏரி 2005 ஜூனில் உடைந்து மீண்டும் வெள்ளம் வந்தது. 2021 ஜூலை 25 அன்று பட்சேரியில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் ஒரு சுற்றுலா வண்டியைத் தாக்கி ஒன்பது பேர் இறந்தனர். பதினேழு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, இதே ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் நிகுல்சரியில் மலை சரிந்து 28 பேர் இறந்தனர். அங்கே மண்ணோடு போன அரசுப் பேருந்து எங்கே கிடக்கிறது என்பதே மறுநாள்தான் தெரிந்தது. இத்தகைய பாதையில் மேலும் ஒரு வண்டி ஆற்றுக்குள் கிடந்தபோது, அதை எங்கிருந்தோ வந்து தாக்கிய விதியாக எழுதியது நம் அறியாமை அன்று; நம் சோம்பல். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நிலச்சரிவுக்குள்ளாகும் பகுதிகளை 1:50,000 அளவில் வரைபடமாக்கிப் 'பூகோஷ்' தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. இமயமலையும் அதில் உண்டு, நம் நீலகிரியும் உண்டு. திறந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன். காஷங் ஓடை என்பது தமிழ்ச் செய்திகளில் விபத்து நடந்த இடத்தின் அடையாளமாக மட்டும் வந்து போனது. கின்னோர் மக்களுக்கு அது ஒரு நெடிய வழக்கின் பெயர். காஷங், கேராங் ஆகிய ஓடைகளின் நீரைச் சுரங்கத்தில் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டத்தை லிப்பா என்ற மலைக்கிராமத்தார் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அத்திட்டத்தின் அடுத்த கட்டங்களைக் கிராம சபையின் முன் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆற்றின் அதே பகுதியில் திட்டமிடப்பட்ட ஜங்கி–தோப்பன்–பொவாரி நீர்மின் திட்டத்தை எதிர்த்து, 2021இல் கின்னோர் இளைஞர்கள் 'நோ மீன்ஸ் நோ' என்ற முழக்கத்தோடு இயக்கம் நடத்தினர். கீழே கர்ச்சம்–வாங்டூவும், அதற்கும் கீழே 1,500 மெகாவாட் நாத்பா–ஜாக்ரியும் இருக்கின்றன. நாத்பா–ஜாக்ரிக்காக மட்டும் 27 கிலோமீட்டருக்கு மேல் மலைக்குள் சுரங்கம் குடையப்பட்டது. தங்கள் மலை தளர்ந்துவருகிறது என்பதை அங்குள்ளவர்கள் மனுக்களில் எழுதினார்கள், தெருவில் நின்று சொன்னார்கள், தேர்தலைப் புறக்கணித்தும் உணர்த்தினார்கள்.

அந்தக் கார் விழுந்ததற்கு மின்திட்டங்களே காரணம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். என் வாதம் வேறு. ஒரு நிலத்தைப் பற்றி அங்கேயே வாழ்கிறவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலத்தில் நம்மவர் ஒருவர் இறந்த பிறகும் அச்சாட்சியம் நம் காதில் விழவில்லை. அதாவது நம் இரங்கல், நமக்கு உறவானவரின் உடலோடு தொடங்கி உடலோடு முடிந்துவிட்டது.

அந்தக் காரிலேயே இறந்த இன்னொருவரையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. ஓட்டுநர் உள்ளூர்ப் பிழைப்பாளி. செய்திகளில் அவர் "கட்டுப்பாட்டை இழந்தார்" என்ற பயனிலைக்கு எழுவாயாக மட்டும் வந்து போகிறார். இந்தியச் சாலை விபத்துகள் பற்றிய மத்திய அரசின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். 2022இல் 4,61,312 விபத்துகள், 1,68,491 இறப்புகள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இறப்புகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பின்கீழ்ப் போய்விடுகிறது. முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்ட காரணமே புள்ளிவிவரமாகிறது; அந்த அறிக்கையை எழுதுகிறவர் ஓட்டுநரைத் தேடுகிறார், சரிவின் கோணத்தை அளப்பதில்லை. இறந்த ஓட்டுநர் மறுத்துப் பேசமாட்டார். நிலம் பேசக்கூடும்; அதை விசாரிப்பார் இல்லை.

சட்டமும் இப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. விபத்தில் இறந்தவரைப் பற்றிய விசாரணைக்கு அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டும் உடலைப் பார்க்கச் சொல்கின்றன: காயங்கள், எலும்பு முறிவுகள், அவை எவ்வாறு உண்டாகியிருக்கலாம் என்பவை. உடல் கிடந்த நிலத்தைப் பற்றித் தனியே எழுதச் சொல்வதில்லை. ஆனால் சட்டத்தில் நிலத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையை வடிவமைத்தவரும் கட்டியவரும் பராமரிப்பவரும் விதித்த தரத்தைப் பின்பற்றாததால் இறப்போ உடல் ஊனமோ நேர்ந்தால் அவர்களே பொறுப்பு என்கிறது. அச்சாலையின் இயல்பு என்ன, ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பனவற்றை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. தண்டம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். துயருற்ற ஒரு தந்தை மகனைப் பற்றிய தகவலுக்கு ஒரு கோடி தர முன்வந்த நாட்டில், சாலையை ஆபத்தாக விட்டு ஓர் உயிர் போகக் காரணமானவர்க்கு அரசு வைத்திருக்கும் உச்சத் தண்டம் அதில் நூறில் ஒரு பங்கு. தந்தையை நான் குறை சொல்லவில்லை. அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஒரு கோடி தர இயலாத தந்தையின் மகன் விழும் பள்ளம் எத்தனை நாள் தேடப்படும் என்ற கேள்வியிலிருந்து நாம் தப்ப முடியாது. தேடலின் அளவை நிலத்தின் கடுமை தீர்மானிக்க வேண்டுமா, குடும்பத்தின் செல்வாக்கு தீர்மானிக்க வேண்டுமா?

இதை நான் எழுதுவது இமயமலையிலிருந்து அன்று. அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரின் லம்பா லைனிலிருந்து. இங்கே விமான ஓடுதளம் எங்கள் அண்டைவீடு போல. இவ்வோடுதளத்தைக் கடற்படையின் உத்குரோஷ் தளமும் பயணிகள் விமானங்களும் பகிர்ந்துகொள்கின்றன. 2016 ஜூலை 22 அன்று காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32 விமானம் இங்கேதான் வந்து இறங்கியிருக்க வேண்டும். வரவில்லை. வங்கக் கடலில் கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பரில் தேடல் நின்றது. விமானத்திலிருந்தோர் இறந்ததாகக் கொள்ளப்பட்டனர். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 12 அன்று, அதன் சிதைவுகள் கிடைத்துவிட்டதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி ஆழ்கடற்கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் படம்பிடித்திருந்தது. அந்த அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் சட்லஜில் கார் விழுந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன். விமானம், கடைசியாக அறியப்பட்ட இடத்தை ஒட்டித் தேடியபோதுதான் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் தாமதமானதற்கு மர்மம் எதுவும் காரணமன்று. அந்த ஆழத்தின் தரையை அருகே சென்று பார்க்கும் கலம் நம்மிடம் இல்லாதது காரணம். அக்கலம் வந்த பிறகு, ஏழரை ஆண்டுகளாக ஊதிப் பெருக்கப்பட்ட கதைகள் ஒரே அறிவிப்பில் அடங்கின. அந்த 29 குடும்பங்களில், 2024 வரை கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நிலத்தைப் பற்றிய அறிவு என்பது துறைசார்ந்த ஆர்வமன்று. துக்கத்தை முறையாகத் தொடங்க உரிமை தருவது அதுவே. கடலடியில் 3,400 மீட்டருக்குக் கீழே உள்ள தரையைப் படிக்க நாடு முயன்று ஒரு கருவியைப் பெற்றது. நெடுஞ்சாலையோரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பள்ளத்தைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம், விருப்பம் போதும். அது இல்லை.

லம்பா லைனில் இருப்பவர்களுக்கு நிலம் நிலையானது என்ற மயக்கமும் கிடையாது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்கள் இன்றும் கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பாகக் கிடக்கின்றன. அந்த ஆழிப்பேரலையில் இத்தீவுகளில் உடல் கிடைத்து இறந்தோராகப் பதிவானவர்களைவிடக் காணாமற்போனவர்களாகப் பதிவானவர்கள் பல மடங்கு. முந்தின நாள் வரைபடம் மறுநாள் பொய்யாகும் என்பதை அறிந்த ஊரில் இருந்துகொண்டு, "இடம் புவியியல்காரர்களுக்கு உரியது" என்பதைக் கேட்க எனக்குச் சிரமமாக இருந்தது.

எதிர்வாதங்கள் வரும், சிலவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.

துக்க வீட்டில் நில அளவைக் கோலை எடுத்துப் போகிறாயா என்பது முதலாவது. அந்த எட்டு நாள்களில் அக்குடும்பத்திடம் யாரும் இதைப் பேசியிருக்கக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடே. ஆனால் நாம் அக்குடும்பம் அல்லோம். நாம் ஆய்வாளர்கள். பிணத்தைச் சுற்றி ஊர் கூடிய பின் ஊரின் கடமை அழுவதோடு முடிவதில்லை. அடுத்தவர் அங்கே விழாமல் பார்த்துக்கொள்வதும் அதன் கடமைதான்.

நிலத்தைக் குற்றவாளியாக்கினால் மனிதரும் அரசும் தப்பிவிடுவார்கள் என்பது இரண்டாவது. இது வலுவான வாதம். "இயற்கைச் சீற்றம்" என்ற தொடரை ஆட்சியாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் நான் நிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொல்கிறேன். சாலைக்காக மலையின் அடியை எவ்வளவு செங்குத்தாக வெட்டினார்கள், வெடி வைத்தார்களா, வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள், வளைவில் தடுப்பு இருந்ததா, அணையிலிருந்து நீர் எப்போது திறக்கப்படுகிறது என்பவையெல்லாம் மனிதர் செய்தவை. அவற்றின் தடம் பதிந்திருப்பது நிலத்தில். நிலத்தைப் படிக்காமல் விட்டால்தான் மனிதர் தப்புகிறார்கள்.

ஒவ்வொரு விபத்துக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வேண்டாம். ஊர்தி கிடைத்து ஆள் கிடைக்காத நிகழ்வுகளுக்கு மட்டுமாவது செய்யலாம். விபத்து நடந்த இடத்திலிருந்தே விவரங்களைப் பதியும் தேசியத் தரவுத்தளம் ஒன்றை ஐஐடி மெட்ராஸ் உருவாக்கித் தந்து, அது நடைமுறையில் இருக்கிறது. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, மருத்துவத் துறைகள் அதில் பதிவு செய்கின்றன. கட்டமைப்பு உள்ளது. அதன் விளைவு துறைகளுக்குள்ளேயே நின்றுவிடாமல் மக்கள் படிக்கும் மொழியில் வெளிவர வேண்டும் என்பதுதான் கேட்பது.

என் கோரிக்கை இதுதான். காணாமற்போன ஒருவரின் ஊர்தி கிடைத்தால், அவ்விடம் பற்றிய நில அறிக்கை ஒன்று குறித்த காலத்துக்குள் வெளியிடப்பட வேண்டும். சரிவின் தன்மை, சாலையின் அகலமும் தடுப்பும், அன்றைய வானிலை, நீரின் ஆழமும் வெப்பநிலையும் விரைவும், மேலே அணை இருப்பின் நீர் திறப்பு விவரம், அதே இடத்தில் முன்பு நடந்தவை, மீட்புக் குழு வந்துசேர எடுத்த நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சாலையைப் பராமரிக்கும் அமைப்பு தானே அதை எழுதக் கூடாது; புவியியல் ஆய்வுத்துறை போன்ற வேறோர் அமைப்பு எழுத வேண்டும். உள்ளூராரின் வாக்குமூலம் அதில் சேர வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் அது கிடைக்க வேண்டும்.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. நான் இதுவரை நிரப்பிய களஆய்வு அனுமதிப் படிவங்களில் நெறியாளர் கையெழுத்துக்கு இடம் இருந்தது, செலவுத் தொகைக்கு இடம் இருந்தது. எந்த வழியாகப் போகிறாய், எந்தப் பருவத்தில் போகிறாய், அங்கே எது ஆபத்து என்ற ஒரு வரி இருந்ததில்லை. நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்த மரபின் பெயரால் நடக்கும் துறைகளிலும் நிலை இதுதான். அடுத்த கல்வியாண்டில் உங்கள் துறையின் படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மலைக்கும் கடலுக்கும் காட்டுக்கும் நாம் அனுப்புகிறவர்கள் நம் மாணவர்கள்.

அன்று கட்டுரை வாசித்தவர் இதைப் படிக்கக்கூடும். உங்கள் உழைப்பின்மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் அக்கேள்வியைக் கேட்டேன். கட்டுரையை நூலாக்கும்போது, உணர்வுகளை வகைப்படுத்தும் இயலுக்கு முன்னதாக, காஷங் ஓடையையும் அந்தச் சாலையையும் பிப்ரவரி மாதத்து ஆற்றையும் பற்றி ஓர் இயல் எழுதுங்கள். லிப்பா மக்களின் வழக்கையும், முக்குளித்தவர்களையும், அந்த ஓட்டுநரையும் அதில் சேருங்கள். வரைபடங்கள் என்னிடம் உள்ளன. கேட்டால் அன்றே அனுப்பிவைக்கிறேன்.